இரண்டே பேர் பேசிய மொழி

வானம் இருட்டிக்கொண்டு வந்தால் அவர் கை தானாகப் போய் இடது முழங்காலை இரண்டு தட்டு தட்டும். வாய் ஒன்றும் சொல்லாது. காய்கறிக் கடையில் ஒருநாள் இப்படித் தட்டியதைப் பார்த்துவிட்டு, தராசைப் பிடித்துக்கொண்டிருந்த கடைக்காரர், "முட்டி வலியா அக்கா? நின்னுகிட்டே பாக்கற வேலையா? பச்சத்தண்ணில குளிக்காதீங்க" என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு "சரிங்க" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும், பின்னால் வந்த என்னைப் பார்த்து, "மழை வருதுன்னு சொன்னேன். அவருக்கு எப்படித் தெரியும், பாவம்" என்றார்.

எனக்கும் தெரியாது. மழைக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

எங்கள் தெருமுனையில் இருக்கும் லாண்டரியில் அவருக்கு வேலை. முன்பக்கம் என்னைப் போன்றவர்கள் சட்டை கொடுத்து வாங்கும் கவுண்டர். பின்பக்கம்தான் உண்மையான லாண்டரி. தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் திரைச்சீலைகளும் மூட்டை மூட்டையாக வேனில் வந்து இறங்கும். துவைக்கும் மெஷின்கள், உலர்த்தும் மெஷின்கள், ஆவி கக்கும் இஸ்திரிப் பலகைகள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். எல்லோரும் கத்துவார்கள். இவர் மட்டும் கத்துவதில்லை. கைதான் பேசும்.

'இங்கே வா', 'போதும்', 'அப்புறம்' என்பதெல்லாம் யாருக்கும் புரிகிற சைகைகள். ஆனால் அவர் கை அதோடு நிற்காது. வேலைக்கு நடுவே காது மடலைத் தொடும், தாடையைச் சுரண்டும், காற்றில் சாவி திருகும், விரல் ஒன்று சுழன்று சுழன்று ஓயும். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்கு அங்கே 'டிராபிக் போலீஸ்' என்று பெயர். அது தேய்ந்து 'டிராபிக்கு' ஆகிவிட்டது. இளசுகள் 'டிராபிக்கக்கா' என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "சொல்லட்டும். என்ன போலீசோ, கையக் காட்டினா ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான்" என்பார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லி. மணிக்கட்டு மட்டும் ஆண்பிள்ளை மணிக்கட்டுபோலத் தடித்திருக்கும். ஈர விரிப்புகளைப் பிழிந்து உதறிய கை. அவரோடு சேர்ந்து விரிப்பு மடிக்கும் பெண், எல்லோரையும்விட ஒரு தலை உயரம். உயரக்காரி என்றே பெயர். இந்த உயரக்காரிக்கு மட்டும்தான் டிராபிக்கக்காவைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். "அதெல்லாம் அவங்க அண்ணன்கூட பேசுன பேச்சுங்க. அவரு போய்ட்டாரு. கைக்கு இன்னும் யாரும் சொல்லல போல" என்றாள் ஒருமுறை. சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று யோசிப்பவள்போல என்னைப் பார்த்தாள்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. அம்மா அவரிடம் வாயை அகலத் திறந்து மெதுவாகப் பேசிப் பார்த்தார். அப்பா கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்கிற பள்ளிக்கூடம் எங்கேயோ இருந்ததாம், அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. தங்கை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது.

"வாயால பேசறதுக்கு முன்னாடியே நான் கையால பேசிட்டேனாம். இதுக்கும் வராது போலன்னு அம்மா பயந்து போயிட்டாங்களாம்" என்று அவர் சொல்லும்போது முகத்தில் பெருமை தெரியும்.

அந்த மொழியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடந்தது எதுவோ அதுவே சொல்லாகிவிட்டது. சின்ன வயதில் மழையில் ஓடி வழுக்கி அண்ணன் இடது முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அன்றிலிருந்து முழங்காலைத் தட்டினால் மழை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் முகம் மழிப்பார், ஆகவே தாடையைச் சுரண்டினால் ஞாயிற்றுக்கிழமை. சூடு பட்டால் விரலைக் காது மடலில் வைப்போம் இல்லையா, அதுதான் சூடு. ஒருமுறை வீட்டைப் பூட்டிவிட்டுப் போன அம்மா நேரம் கழித்து வந்தார். இரண்டு பிள்ளைகளும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதனால் காற்றில் சாவியைத் திருகினால் தாமதம். வீட்டு மின்விசிறி ஒருநாள் மெள்ள மெள்ளச் சுழன்று நின்றே போனது. அதிலிருந்து விரலைச் சுழற்றி ஓயவிட்டால் கெட்டுப்போனது என்று அர்த்தம். பால் திரிந்தாலும் அதுதான், செருப்பு அறுந்தாலும் அதுதான்.

மாமா ஒருவர் இருந்தார். அம்மாவின் தம்பி. பேச ஆரம்பிப்பதற்கு முன் தலைமுடியை உள்ளங்கையால் படியப் படிய அழுத்திவிட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு சுற்றியிருப்பவர்களின் கண்கள் ஒவ்வொன்றாகச் சொருகும். அண்ணனுக்குப் பேச்சு கேட்காது, கண்கள் சொருகுவது தெரியும். ஆகவே தலையை வழித்துக் காட்டினால் அறுவை ஆள். "பஸ்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் அண்ணன் என்னப் பாத்து தலைய வழிப்பாரு. நான் சிரிப்ப அடக்கிகிட்டு நிக்கணும். எனக்குத்தானே திட்டு விழும்."

தங்கைக்கு ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "அந்தப் பையனும் உங்க பொண்ணுகூடவே வந்துருவானா?" என்று கேட்டார். இவர் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போன பிறகு அண்ணனிடம் விரலைச் சுழற்றி ஓயவிட்டார். கல்யாணம் கெட்டுப்போனது. அண்ணன் சிரிக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என்னாலா?

"நான் தலைய வழிச்சுக் காட்டினேன். மாப்பிள்ளை நம்ம மாமா மாதிரின்னு. நம்பிட்டாரு. ரொம்ப நாளைக்கு அத சொல்லி சொல்லி சிரிச்சாரு."

வேறு வரன் பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அண்ணன் மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடும் வேலை பார்த்தார். அந்த நெடியும் தூசியும் நெஞ்சில் இறங்கிவிட்டன. போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூக்கிலும் கையிலும் குழாய்கள். மூச்சுத் திணறும்போதெல்லாம் அவர் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டார். அதனால் இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் பார்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு நர்ஸைத் தேடிப் போனார்.

"அத அவுத்து விடுங்கம்மா."

"குழாயப் புடுங்கறாரும்மா. அவர் நல்லதுக்குத்தான் கட்டியிருக்கோம்."

"அது கை இல்லம்மா. அதுதான் அவரு வாய்."

அந்த நர்ஸ் சின்னப் பெண். இடது கையில் ஊசி ஏறியிருந்தது, அதை அவிழ்க்க முடியாது என்றாள். வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டு, "நீங்க பக்கத்துல இருக்கற வரைக்கும்தான்" என்றாள்.

அண்ணன் கையை உதறிக்கொண்டார். விரல்களை நீட்டி மடக்கினார். பிறகு உள்ளங்கையை விரித்து, தன் நெஞ்சுக்கு நேராக, வலமிருந்து இடமாக மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு தடவை. தங்கை இதை எனக்குச் செய்து காட்டியபோது அவருடைய இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர்கள் பேச்சில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கைகளும் வேண்டும். இடது கை கீழே தாங்கினால் அது 'தூங்கு'. இடது கை எதிரே நின்றால் 'கதவைச் சாத்திட்டு வீட்டுக்குப் போ'. இரண்டு கைகளும் தட்டிக்கொண்டால் 'போதும்'. அண்ணன் சொன்னது பாதி. மீதி கட்டில் கம்பியில் இருந்தது.

"வீட்டுக்குப் போன்னு எடுத்துக்கிட்டேன். வேலைக்குப் போய்ட்டு நேரா வந்திருக்கா, களைப்பா இருப்பான்னு சொல்றாருன்னு. எப்பவும் அப்படித்தான் சொல்லுவாரு. நர்ஸு மறுபடி கையக் கட்டுச்சு. நான் போய்ட்டேன்." மறுநாள் காலையில் இவர் காபி வாங்கிக்கொண்டு போனபோது கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒரு அம்மாள், "பாவம், பேசாத மனுஷன்" என்றாளாம். அதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்கு மூக்கு விடைக்கிறது. "பேசாத மனுஷனா? ஓயாத வாயிங்க அவரு. ராத்திரி லைட்ட அணைச்சாத்தான் நிறுத்துவாரு. சில நாளு அணைச்ச லைட்ட மறுபடி போட்டு, விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்பாரு."

இப்போது அந்த வீட்டில் அவர் மட்டும். பேச ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. மாடி வீட்டுப் பெண் வந்து பேசுவாள். உயரக்காரி போன் செய்வாள். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணில் படுவதுபோல எதுவும் இல்லை. இரண்டு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் நாற்காலிகள் டிவியைப் பார்த்து இருக்கும். "வாயால பேசறதுக்கு நிறைய பேரு இருக்காங்க" என்றார். "ஆனா எனக்கு சிரிப்பு வர்றது கையிலதான். வாயில சொன்னா அது சும்மா சேதி ஆயிடுது."

போன மாதம் லாண்டரியில் உலர்த்தும் மெஷின் ஒன்று சூடேறிக் கருகல் வாடை அடித்தது. என் சட்டைகள் உள்ளே மாட்டிக்கொண்டதால் நானும் அங்கே நின்றிருந்தேன். கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். நாற்பது வயது இருக்கும், சுத்தமாகச் சவரம் செய்த முகம், சட்டைப் பையில் சின்ன டார்ச். மேனேஜர் வழக்கம்போல ஆதியிலிருந்து ஆரம்பித்து, மெஷின் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் புன்னகையோடு தன் காதைத் தொட்டு, கையை ஆட்டினார். கேட்காது.

மேனேஜர் பதறிப்போய்த் திரும்பினார். "எங்கேம்மா நம்ம டிராபிக்கு? கூப்பிடு. அவங்களுக்கு இந்த பாஷை தெரியுமே."

அவர் வந்த விதம் எனக்கு மறக்காது. ஏப்ரனில் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறவர்போல மெக்கானிக்குக்கு எதிரே போய் நின்று, காது மடலைத் தொட்டார். மெஷினைக் காட்டினார். விரலைச் சுழற்றி ஓயவிட்டார்.

மெக்கானிக் மரியாதையாகத் தலையசைத்தார். தன் காதைத் தொட்டு, ஆமாம், எனக்குத்தான் கேட்காது என்பதுபோல் காட்டினார். பிறகு மெஷினின் கதவைத் திறந்து, உள்ளே இருந்த உருளையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இப்படியா என்று பார்த்தார்.

இவர் இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினார். மறுபடி காது மடல். மறுபடி விரல். மெக்கானிக்கின் கைகளும் பேச ஆரம்பித்தன. விரல்கள் சரசரவென்று மடங்கி விரிந்தன, ஒரு கை இன்னொன்றின் மேல் ஏறி இறங்கியது, புருவம் உயர்ந்தது, உதடு குவிந்தது. அழகாக இருந்தது. ஆனால் இவர் முகத்தைப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவர் முகம்போல இருந்தது.

இதற்கிடையே மேனேஜர் பேச்சை நிறுத்தவில்லை. இவர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெக்கானிக்குக்கு நேராகத் தன் தலையை உள்ளங்கையால் வழித்துக் காட்டினார். சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருந்தார். மெக்கானிக் தன் தலைமுடி கலைந்திருக்கிறது போல என்று நினைத்து, அவசரமாகச் சரிசெய்துகொண்டார்.

அப்போதுதான் இவர் கைகள் கீழே இறங்கின. "இவரு வேற பேசறாரு" என்றார் மேனேஜரிடம், மெதுவாக. "எங்களுது இல்ல இது."

மெக்கானிக் அதற்கெல்லாம் சளைத்தவராகத் தெரியவில்லை. போனை எடுத்து ஏதோ தட்டி நீட்டினார். இவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் உயரக்காரி வாங்கிப் படித்தாள். "'நான் பள்ளிக்கூடத்துல கத்துகிட்டது வேற. உங்களுது வீட்டு பாஷை. யாரோட பேசுவீங்க?'ன்னு கேக்கறாரு அக்கா."

"அண்ணன்னு போடு. இப்ப இல்லன்னு போடு."

உயரக்காரி தட்டிக் காட்டினாள். மெக்கானிக் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் மெஷினைக் கழற்றி வேலை பார்த்து முடிக்கும்வரை இவர் விரிப்பு மடிக்கப் போகவில்லை. எட்டவே நின்றிருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் நேரே போய், இடது கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு, வலது உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக இடப்பக்கம் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தினார். "இதுக்கு என்ன அர்த்தம்னு கேளு" என்றார் உயரக்காரியிடம். "இடது கை கட்டியிருந்துச்சுன்னு போடு. ஆஸ்பத்திரின்னு போடு."

மெக்கானிக் அதைப் படித்தார். அந்தச் சைகையைத் தானும் ஒருமுறை செய்து பார்த்தார். கொஞ்சம் யோசித்து எழுதினார். உயரக்காரி படித்தாள்: "'கை மட்டும் வச்சு சொல்ல முடியாது. பாதிப் பேச்சு முகத்துலதான் இருக்கும். அவர் முகம் எப்படி இருந்துச்சு?'"

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இவர் சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. உயரக்காரி குனிந்து, "என்னக்கா?" என்றாள்.

"நான் பாக்கல" என்றார். "கைய அவுத்து விட்டாங்களேன்னு சந்தோஷம். கையத்தான் பாத்துகிட்டு இருந்தேன். முகத்தப் பாக்கல."

உயரக்காரி அதை எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமான்களைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, மெதுவாக வைத்தார். போகிறவர் அவசரம் அதில் இல்லை. பெட்டியை மூடிவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

"'உங்க அண்ணன் உங்கள எப்படிக் கூப்பிடுவார்? உங்க பேரு என்ன, கையில?'ன்னு கேக்கறாரு."

இவர் கை உடனே உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார், அங்கே எங்கோ எழுதியிருப்பதுபோல.

"பேரு இல்லையே" என்றார். "மாமாவுக்கு இருக்கு, அம்மாவுக்கு இருக்கு, எதிர் வீட்டு நாய்க்குக்கூட இருக்கு. எனக்கு இல்ல." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டே பேரு. நான்தானே எதுத்தாப்ல இருப்பேன். தோள்ல தட்டுவாரு, அவ்வளவுதான். என்னப் பத்தி அவரு யார்கிட்டப் போய் சொல்லுவாரு?" என்று சொல்லி, வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார்.

சிரிக்கும்போது அவருக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். இத்தனை நாள் பழகியும் நான் அதைக் கவனித்ததில்லை. மெக்கானிக் கவனித்தார். ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்தில் வைத்து, குழி தோண்டுவதுபோல லேசாகத் திருகினார். பிறகு அதே விரலால் இவரைக் காட்டினார். மறுபடி கன்னம், மறுபடி இவர்.

உயரக்காரிக்கு முதலில் புரிந்தது. "அக்கா, அது நீங்க" என்றாள்.

மேனேஜர் வந்து, மெஷின் இனிமேல் எத்தனை வருஷம் தாங்கும் என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். மெக்கானிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பெட்டியோடு வெளியே போனார். இவர் வாசல்வரை பின்னாலேயே போய், ஆவி படிந்த கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எதிர்ச்சாரியில் நிறுத்தியிருந்த வேனில் அவர் ஏறிக்கொண்டார்.

வண்டி நகர ஆரம்பித்ததும் மெக்கானிக் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்து, விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினார். நடுவே தெரு, சத்தம், போகிற வருகிற வண்டிகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையால் எப்படிப் பதில் சொல்வது என்று இவருக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஆஜர் சொல்லும் பிள்ளைபோல வலது கையை நேராக உயர்த்தினார். வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.